எழுபத்தாறு ரூபாய்ச் சீட்டு

நாளைக்கு ஒரு டென்னிஸ் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதுகிறவர்கள் இரண்டே பேர். டிரா கிடையாது. மழை வந்தாலும் மறுநாள் ஆடி முடித்துவிடுவார்கள். நான் உங்களிடம் ஒரு சீட்டை நீட்டுகிறேன். அதில், 'முதலாமவர் ஜெயித்தால் இதை வைத்திருப்பவருக்கு 100 ரூபாய், தோற்றால் ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறது. என்ன விலைக்கு வாங்குவீர்கள்?

100 ரூபாய் கொடுத்து வாங்க மாட்டீர்கள். அது மடத்தனம். ஒரு ரூபாய்க்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்கள். 20? வாங்கலாம். 40? ம்... 60? இங்கே கை கொஞ்சம் தயங்குகிறது இல்லையா? அந்தத் தயங்குகிற இடம்தான் விஷயம். 60-ல் தயங்கினீர்கள் என்றால் அவர் ஜெயிக்க நூற்றுக்கு அறுபது வாய்ப்பு இருப்பதாக உங்கள் உள்மனசு நினைக்கிறது. ப்ளஸ் டூவில் 'நிகழ்தகவு' பாடத்தைச் சாய்ஸில் விட்டவர்களும் காசு என்று வந்துவிட்டால் கச்சிதமாகக் கணக்குப் போடுவார்கள்.

இந்தச் சீட்டை ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கவும் விற்கவும் ஓர் இடம் அமைத்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் ப்ரெடிக்‌ஷன் மார்க்கெட். கணிப்புச் சந்தை என்று தமிழ்ப்படுத்தலாம். 'ஜோசியச் சந்தை' என்றால் இன்னும் பொருத்தம். ஆனால், ஜோசியர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் தொழிலில் பலிக்காவிட்டால் கைக்காசு போகும் வழக்கம் இல்லை.

சரி, சீட்டை அச்சடிப்பது யார்? இங்கேதான் ஒரு சின்ன சாமர்த்தியம். யாருமே அச்சடிக்க வேண்டாம். நீங்கள் முதலாமவர் மேல் 60 ரூபாய் கொடுக்கத் தயார். எங்கேயோ ஒருவர் இரண்டாமவர் மேல் 40 ரூபாய் கொடுக்கத் தயார். சந்தைக்காரர் இரண்டையும் சேர்த்து 100 ரூபாயைப் பூட்டி வைத்துவிட்டு உங்களுக்கு ஒரு சீட்டு, அவருக்கு ஒரு சீட்டு கொடுக்கிறார். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த பக்கத்துக்கு அந்த 100. சந்தைக்காரருக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். கல்யாண மண்டபத்துக்காரர் மாதிரி. மாப்பிள்ளை எப்படியிருந்தால் என்ன, வாடகை வந்தால் சரி.

இரண்டு பேர் மட்டுமே மோதுகிற ஆட்டத்துக்கு இன்னொரு வசதி உண்டு. இரண்டு விலைகளின் கூட்டுத்தொகை 100-ஐ விட்டு ரொம்ப தூரம் போக முடியாது. ஒரு சீட்டு 58, இன்னொன்று 39 என்று கிடைத்தால் கூட்டினால் 97. இரண்டையும் வாங்கிப்போட்டால் யார் ஜெயித்தாலும் 100 வரும். 3 ரூபாய் லாபம், ஆட்டத்தைப் பார்க்கக்கூட வேண்டாம். இப்படிப்பட்ட 3 ரூபாய்க்காகவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சில கம்ப்யூட்டர் புரோகிராம்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை வாங்க வாங்க விலை ஏறி 100-க்கு வந்துவிடும். கால்பந்திலும் செஸ்ஸிலும் டிரா என்று மூன்றாவது சீட்டு ஒன்று நுழைந்துகொள்ளும். அப்போது மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். தத்துவம் அதேதான்.

இதற்கும் பழைய புக்கிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். புக்கி தானே எதிர்க்கட்சி. விலை அவர் வைப்பது. சரிசமமான இரண்டு பேர் மோதினால் நியாயமாக ஆளுக்கு 50 விலை இருக்க வேண்டும். பிரிட்டிஷ் புக்கி 10-க்கு 11 என்பார். அதாவது 110 கட்டினால் 100 லாபம். நம் சீட்டுக் கணக்கில் ஆளுக்கு 52 ரூபாய் 40 காசு. கூட்டினால் 104 ரூபாய் 80 காசு. அந்த உபரியில்தான் அவருடைய வீடு, கார், பையன் படிப்பு எல்லாம். சந்தையில் இந்த உபரிக்குப் பதில் ஜெயித்த பணத்தில் ஒரு கமிஷன். விலையை வைப்பது நீங்களும் எதிரில் முகம் தெரியாமல் இருக்கும் ஆசாமியும்.

புக்கி வைத்த விலைகளில் மிகப் பிரசித்தமானது 1981 ஜூலையில் ஹெடிங்லியில் வைத்தது. இங்கிலாந்து - ஆஸ்திரேலியா டெஸ்ட். இங்கிலாந்து ஃபாலோ ஆன் வாங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மைதானத்து ஸ்கோர் போர்டில் லாட்ப்ரோக்ஸ் கம்பெனியின் விலை மின்னியது. இங்கிலாந்து ஜெயித்தால் 1-க்கு 500. கம்பெனிக்கு கிரிக்கெட் விலைகளில் ஆலோசனை சொன்னவர் காட்ஃப்ரே எவன்ஸ், இங்கிலாந்தின் முன்னாள் விக்கெட் கீப்பர். ஆட்டம் தெரியாதவர் இல்லை. நம் சீட்டுக் கணக்கில் அந்த விலை 20 காசு.

ஆஸ்திரேலிய அணியில் டென்னிஸ் லில்லி இதைப் பார்த்தார். இரண்டே அணிகள் ஆடும் ஆட்டத்தில் 1-க்கு 500 என்பது அவருக்கு அபத்தமாகப் பட்டது. 10 பவுண்டு கட்டினார், எதிரணி மேல்! விக்கெட் கீப்பர் ராட் மார்ஷ் 5 பவுண்டு. பணத்தை எடுத்துக்கொண்டு போனது அணியின் பஸ் டிரைவர் என்பார்கள். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். போத்தம் 149 நாட் அவுட், வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட். 130 எடுத்தால் போதும் என்று இறங்கிய ஆஸ்திரேலியா 111-ல் சுருண்டது. லில்லிக்கு 5,000 பவுண்டு, மார்ஷுக்கு 2,500. இருவரும் தோற்பதற்காக ஆடினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு அப்படிச் செய்தால் தடைதான். அது வேறு விஷயம்.

20 காசு சரியான விலையா? டெஸ்ட் சரித்திரத்தில் ஃபாலோ ஆன் வாங்கிய அணி ஜெயித்தது அதற்கு முன் ஒரே ஒரு முறை, 1894-ல் சிட்னியில். அப்புறம் 2001-ல் கல்கத்தா, லக்ஷ்மணின் 281. 2023-ல் வெலிங்டனில் நியூசிலாந்து ஒரே ஒரு ரன்னில். அபூர்வம்தான். ஆனால், 'அபூர்வம்' என்பதற்கும் 'ஐந்நூறில் ஒன்று' என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. லில்லி அந்த இடத்தில் புகுந்தார். அன்று ஒரு சந்தை இருந்திருந்தால், லில்லி போல இன்னும் ஐம்பது பேர் 20 காசுக்கு அள்ளியிருப்பார்கள். விலை தானாகவே ஏறியிருக்கும்.

அந்தச் சந்தையை 2000-ல் இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் ஆரம்பித்தார்கள். ஆண்ட்ரூ பிளாக், எட்வர்ட் ரே. பெயர் பெட்ஃபேர். திறப்பு விழாவுக்கு லண்டன் தெருக்களில் ஒரு சவப்பெட்டி ஊர்வலம் விட்டார்கள். செத்தது புக்கி என்று அர்த்தம். (புக்கிகள் சாகவில்லை. அவர்கள் எளிதில் சாகிற ஜாதி இல்லை.) அதற்கு 12 வருஷம் முன்பே, 1988-ல், அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஜனாதிபதித் தேர்தலை வைத்துச் சின்னத் தொகைகளில் இதே விளையாட்டை ஆராய்ச்சிக்காக நடத்தினார்கள். பொருளாதாரக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஒருத்தருக்கு ஆட்டக்காரரின் முழங்கால் வலி தெரியும், இன்னொருத்தருக்குப் புல் தரையின் ஈரம் தெரியும், மூன்றாமவருக்குப் பழைய ஸ்கோர் எல்லாம் மனப்பாடம். மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. ஆனாலும் மூவருக்கும் தெரிந்தது அந்த ஒற்றை விலையில் வந்து சேர்ந்துவிடுகிறது. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் பிரமிப்பான சமாசாரம்தான்.

ஆட்டம் ஆரம்பித்த பிறகுதான் சந்தை களைகட்டும். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் விலை துள்ளும். 2019 விம்பிள்டன் இறுதியாட்டம் ஞாபகமிருக்கிறதா? ஐந்தாவது செட், ஃபெடரர் 8-7 முன்னணி. அவருடைய சர்வீஸ், 40-15. கையில் இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட். இந்த இடத்தில் ஃபெடரர் சீட்டின் நியாயமான விலை என்ன? நாமே போட்டுப் பார்க்கலாம், பேனா எடுங்கள்.

சர்வீஸ் போடுகிறவர் நூற்றுக்கு 65 பாயின்ட் ஜெயிப்பார் என்று வைப்போம். இரண்டு பாயின்ட்டையும் தொடர்ந்து கோட்டை விட 0.35 பெருக்கல் 0.35, நூற்றுக்கு சுமார் 12. விட்டால் ட்யூஸ். அங்கிருந்தும் சர்வீஸ்காரர் நூற்றுக்கு 77 முறை கேமை எடுத்துவிடுவார். ஆக கேமைப் பறிகொடுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. பறிகொடுத்தாலும் 8-8 தானே, ஆட்டம் இன்னும் பாதிக்குப் பாதி. அதனால் மொத்தத்தில் தோற்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றரை. நியாயமான விலை 98 ரூபாய் 50 காசு.

ஜோகோவிச் அந்த இரண்டு பாயின்ட்டையும் காப்பாற்றி, 13-12 என்று செட்டை எடுத்து, கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். 98 ரூபாய் 50 காசு பூஜ்யம் ஆயிற்று.

அப்படியானால் 98.50 என்று சொன்னது தப்பா? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். தப்பில்லை. ஒன்றரை சதவிகிதம் என்றால் நடக்காது என்று அர்த்தமில்லை. இருநூறில் மூன்று முறை நடக்கும், நடந்தே தீர வேண்டும். நடக்கவே இல்லை என்றால்தான் விலை தப்பு! ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து எந்த விலையையும் சரி, தப்பு என்று சொல்ல முடியாது. 70 ரூபாய்க்குப் போன சீட்டுகளை ஓர் ஆயிரம் சேர்த்து வைத்து, அதில் சுமார் 700 ஜெயித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'நாளை மழை வரலாம்' என்று சொல்கிற வானிலைக்காரரையும் இப்படித்தான் எடைபோட வேண்டும். நாம் அவரை ஒரு குடையை வைத்து எடைபோடுகிறோம்.

இன்னொரு காட்சி நமக்கு நெருக்கமானது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப். நம்ம சென்னைப் பையன் குகேஷும் டிங் லிரெனும் 13 ஆட்டத்துக்குப் பின் சமம். 14-வது ஆட்டமும் டிராவை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. டிரா ஆனால் மறுநாள் வேகச் செஸ். அதில் டிங் கை ஓங்கும் என்பது பலருடைய எண்ணம். எனவே அந்த நிமிஷத்தில் 'குகேஷ் சாம்பியன்' என்ற சீட்டுக்கு விவரம் தெரிந்தவர்கள் 50-க்குக் கீழேதான் கேட்டிருப்பார்கள். 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினார். அவ்வளவுதான். பிஷப் பரிமாற்றத்தைத் தவிர்க்க முடியாது. கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உலகெங்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த விநாடியே தெரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த குகேஷுக்குச் சில கணங்கள் கழித்துத்தான் உறைத்தது. கண்கள் விரிந்து, தண்ணீர் குடித்து, உறுதிசெய்துகொண்டார். அதாவது, சீட்டின் மதிப்பு 90-ஐத் தாண்டிவிட்டது என்பது, ஜெயிக்கப் போகிறவருக்கே அந்தக் கணத்தில் தெரியாது. சந்தைக்கு முதலில் தெரிகிறது, ஆட்டக்காரருக்கு அப்புறம் தெரிகிறது!

இதில் உள்ள விஷமும் அதேதான். யாருக்கு முதலில் தெரியும் என்பது.

2007 ஆகஸ்ட் 2. போலந்தில் சோபாட் என்று ஒரு கடற்கரை ஊர். உலகின் 4-ம் நம்பர் வீரர் ரஷ்யாவின் டேவிடென்கோ, 87-ம் நம்பர் அர்ஜென்டினாவின் வஸாலோ ஆர்க்யெல்லோவுடன் ஆடுகிறார். சாதாரண இரண்டாம் சுற்று. முதல் செட்டை டேவிடென்கோ 6-2 என்று எடுத்தார். இந்த இடத்தில் அவர் சீட்டு 90-ஐத் தொட்டிருக்க வேண்டும். மாறாக விலை இறங்கிக்கொண்டே போனது. யாரோ விற்றுத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது செட்டை இழந்து, மூன்றாவதில் 1-2 என்று இருக்கும்போது கால் வலி என்று டேவிடென்கோ விலகினார். அந்தச் சாதாரண ஆட்டத்தின் மேல் பெட்ஃபேரில் புரண்ட பணம் சுமார் 70 லட்சம் டாலர். வழக்கத்தைப் போலப் பத்து மடங்கு. கம்பெனி அத்தனை பந்தயங்களையும் ரத்து செய்துவிட்டது. அதன் ஏழு வருஷ சரித்திரத்தில் முதல் முறை. ஏடிபி ஒரு வருஷத்துக்கு மேல் விசாரித்து, 2008 செப்டம்பரில் ஆட்டக்காரர்கள் மேல் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை என்று முடித்தது.

ஒன்றைக் கவனியுங்கள். புக்கிகள் மட்டும் இருந்த காலமாயிருந்தால் இது வெளியே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். சந்தையில் ஒவ்வொரு ரூபாயும் கால்தடம் விட்டுவிட்டுப் போகிறது. அதே சமயம், சந்தை இல்லாவிட்டால் 'தோற்பார்' என்ற சீட்டை வாங்குவது இத்தனை சுலபமாக இருந்திருக்காது. ஒரு குதிரை ஜெயிக்கும் என்று பணம் கட்ட அது ஜெயித்தாக வேண்டும். ஜெயிக்காது என்று கட்டுவதற்கு, அது ஜெயிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டாவது எவ்வளவு சுலபம் என்பது உங்களுக்கே தெரியும்.

சீட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தும் முக்கியம். ஆட்டக்காரர் பாதியில் விலகினால் யார் ஜெயித்தவர்? சில இடங்களில் ஒரு செட் முடிந்திருந்தால் மேலே போகிறவர் ஜெயித்ததாகக் கணக்கு. சில இடங்களில் பணம் வாபஸ். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு சந்தைகளில் இரண்டு விலை இருந்தால் அவசரப்பட்டு வாங்காதீர்கள், முதலில் விதிகளைப் படியுங்கள் என்பார்கள் விவரமானவர்கள்.

இப்போது அமெரிக்காவில் இதற்குப் பெரிய சண்டை. கால்ஷி என்ற கம்பெனி 2020-ல் மத்திய அரசின் முன்பேர வர்த்தக ஆணையத்திடம் உரிமம் வாங்கியது. மக்காச்சோளம், கச்சா எண்ணெய் வியாபாரத்தைக் கவனிக்கிற ஆணையம் அது. 2025 ஜனவரியில் விளையாட்டுப் போட்டிகளுக்கும் சீட்டு போட ஆரம்பித்தார்கள். 'இது பந்தயமே இல்லை ஐயா, மக்காச்சோளம் மாதிரி' என்பது அவர்கள் வாதம். 'சூதாட்டத்துக்கு லைசென்ஸ் கொடுப்பதும் வரி வாங்குவதும் எங்கள் வேலை' என்று நெவாடா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் தடை உத்தரவு அனுப்ப, கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. பந்தயமா, வியாபாரமா என்பதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நமக்குத் தோன்றலாம். வித்தியாசம் வரிப் பணம்.

நம் ஊரில் இந்த வாதம் 'திறமையா, அதிர்ஷ்டமா' என்று வேறு மாதிரி நடந்தது. கிண்டி குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் இல்லை என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அந்த வாசல் வழியாகப் பிற்காலத்தில் என்னென்னவோ நுழையப் பார்த்தன. 'கருத்து வர்த்தகம்' என்ற பெயரில் இந்தச் சீட்டுச் செயலிகளும் வந்தன. பங்குச் சந்தை மாதிரியே வரைபடம், சிவப்பு பச்சை எண்கள், 'லாபம் எடு', 'நஷ்டத்தை நிறுத்து' எல்லாம். 2025 ஏப்ரலில் செபி, 'இது எங்கள் வரம்பில் இல்லை. பங்குச் சந்தைப் பாதுகாப்பு எதுவும் இதற்குப் பொருந்தாது' என்று கையை விரித்து எச்சரித்தது.

எங்கள் ஃப்ளாட்டில் மாடி வீட்டு அம்மாள் ஒருவர், அதே வருஷம் மே மாதக் கடைசியில் என்னிடம் வந்தார். மகன் பெங்களூரில் முதல் வேலை. கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம், நிஜப் பெயர் வேண்டாம்.

"சார், இவன் கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவன். என்னமோ டிரேடிங்னு சொல்றான், எனக்கு ஒண்ணும் புரியலை. நீங்கதான் பத்திரிகைல எல்லாம் எழுதறீங்களே, கொஞ்சம் கேளுங்க சார்."

விஷயம் இதுதான். லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, இருபது மாசம், மாசம் ஐயாயிரத்துக்கு மேல் போகாது. ஒன்பதாவது மாசம், ஏப்ரலில், தள்ளி எடுத்து வந்தது 85,000. ஏதோ கோர்ஸ் சேர வேண்டும் என்று பையன் கேட்டு வாங்கிக்கொண்டான். கோர்ஸில் சேரவில்லை. ஐபிஎல் நடந்துகொண்டிருந்தது.

கார்த்திக் வந்தான். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. குழப்பத்தில் இருந்தான். "அங்கிள், நான் கண்ணை மூடிக்கிட்டு ஆடலை. எல்லாத்தையும் எக்ஸெல்ல போட்டு வெச்சிருக்கேன். பத்து மேட்ச்ல ஏழு மேட்ச் கரெக்டா சொல்லியிருக்கேன். அப்புறம் எப்படி அங்கிள் காசு போகும்?"

"ஏழு சரி. ஒவ்வொண்ணும் என்ன விலைக்கு வாங்கினே?"

காட்டினான். சராசரி 76.

"பத்து சீட்டுக்கு என்ன கொடுத்தே?"

"760."

"ஏழு ஜெயிச்சா என்ன வரும்?"

"700..." என்றவன் அப்படியே நின்றுவிட்டான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கின பையன். கமிஷனை நான் சொல்லவே தேவைப்படவில்லை. தோற்ற மறுநாள் இரண்டு மடங்காகக் கட்டியிருந்ததையும் எக்ஸெல் ஒளிக்காமல் காட்டியது.

அவனுக்கு ஆட்டம் தெரியும். யார் ஜெயிப்பார் என்பதும் முக்கால்வாசி தெரிந்திருக்கிறது. ஆனால், இந்தச் சந்தை 'யார் ஜெயிப்பார்?' என்ற கேள்விக்குக் காசு கொடுப்பதில்லை. 'விலை தப்பா?' என்ற கேள்விக்குத்தான் கொடுக்கிறது. முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் டீக்கடைக்குப் பத்து பேர் இருப்பார்கள். இரண்டாவதற்கு ரொம்பக் குறைவு. அவர்கள் ஆட்டத்தின் மேல் பிரியம் வைத்தவர்களாகவும் இருக்க மாட்டார்கள்.

"அப்போ 76-ங்கற விலையே எனக்கு மட்டும் தப்பா வருதா அங்கிள்?" என்றான். நல்ல கேள்வி. ஆமாம், அவனுக்கு மட்டும் தப்பாகத்தான் வரும். அவன் மேட்ச் பார்ப்பது மொபைலில். படம் மைதானத்திலிருந்து கிளம்பி அவன் திரைக்கு வருவதற்குள் பல விநாடிகள் ஆகிவிடும். 76-க்கு வாங்குகிறேன் என்று அவன் சொல்லிவைக்கும்போது, மைதானத்தில் ஒரு சிக்ஸர் போயிருந்தால் அந்த விலைக்கு யாரும் விற்க மாட்டார்கள். அவன் ஆர்டர் அப்படியே கிடக்கும். விக்கெட் விழுந்திருந்தால்? அந்த விநாடியே, "இந்தா தம்பி, வெச்சுக்கோ" என்று ஒரு புரோகிராம் அவன் தலையில் கட்டிவிடும். நல்ல சீட்டு கைக்கு வராது, சொத்தைச் சீட்டு உடனே வரும். ஒவ்வொரு முறையும் இப்படி இரண்டு மூன்று ரூபாய் கசிந்தால் போதும்.

இந்த விநாடிகளுக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா? 2014 ஜனவரியில் ஆஸ்திரேலியன் ஓபன் ஆட்டத்தில் பார்வையாளராக உட்கார்ந்திருந்த ஓர் இங்கிலாந்து இளைஞரை மெல்போர்ன் போலீஸ் பிடித்தது. அரை டிராயருக்குள் ஒரு கருவி. ஒவ்வொரு பாயின்ட் முடிந்ததும் பட்டனை அழுத்துவார். டி.வி-யில் வருவதற்குள் தகவல் லண்டனுக்குப் போய்விடும். அவரை வேலைக்கு வைத்திருந்தது ஒரு கம்பெனி, மாதச் சம்பளத்தில்! இரண்டு மாதத்தில் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார்கள். அவர் ஆட்டத்தைக் கெடுக்கவில்லையே, வேகமாகப் பார்த்தார், அவ்வளவுதான். இதற்காகவே சந்தைகள் ஆட்ட நேரத்தில் ஆர்டர்களைச் சில விநாடி நிறுத்திவைத்து ஏற்கின்றன. அது ஓட்டத்தைக் குறைக்கும், முழுசாக நிறுத்தாது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் சார், எங்க காசு 85,000 யார்கிட்ட சார் போயிருக்கும்?"

எக்ஸெல்லில் அதற்குக் கட்டம் இல்லை. கொஞ்சம் சந்தைக்காரரின் கமிஷன், மீதி முகமில்லாத சில புரோகிராம்கள், கூடவே கார்த்திக் மாதிரியே நாலு பையன்கள், தற்செயலாக அந்த வாரம் எதிர்ப்பக்கம் நின்றவர்கள். அவர்களும் அடுத்த வாரம் விட்டிருப்பார்கள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். தலையாட்டினார்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய பட்டிமன்றமே வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்தே கட்டியது. கார்த்திக் வைத்திருந்த செயலியும் ஒரே நாளில் கடையைச் சாத்தியது. 'மீதிப் பணத்தை எடுத்துக்கொள்ளவும்' என்று செய்தி வந்ததாம். அவன் கணக்கில் 14 ரூபாய் இருந்தது. மாடி வீட்டில் ஏலச்சீட்டுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி இருந்தது.